இரவல் கம்பி

செத்தவீட்டில் எதையும் கேட்கக்கூடாது. கொழும்பு வெள்ளவத்தையில் வளர்கிற பிள்ளைகளை இருத்திவைத்து யாரும் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை, தானாக வந்துவிடும். போகவேண்டும், பிளாஸ்டிக் கதிரையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கவேண்டும், சோடா தந்தால் பாதி குடிக்கவேண்டும், பிறகு போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் எழும்பி வந்துவிடவேண்டும். டொக்டர் நிஷாந்தினிக்கு இதெல்லாம் அத்துப்படி. அத்துப்படியாக இருந்ததுதான் வினையாகிப்போனது. ஏனென்றால் கொட்டாஞ்சேனையில் அந்தச் செத்தவீட்டுக்கு அவள் போனதே ஒன்றைக் கேட்பதற்காகத்தான். செத்தவரின் காலில் இருந்து ஒரு துண்டு எலும்பு.

செத்தவர் இராமர். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, மீசை முளைக்குமுன்பே கொழும்புக்கு வந்து, செட்டியார் தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடையின் வடைச்சட்டிக்கு முன்னால் நின்றே தலை நரைத்த மனிதர். ஓடுகிற பஸ்ஸில் தொற்றி ஏறப்போய் விழுந்து கணைக்கால் எலும்பு முறிந்தது. மற்றவர்களுக்குச் சில மாதங்களில் ஒட்டுகிற எலும்பு அவருக்கு ஒட்டவில்லை. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. இரண்டு தடவை திறந்து தகடு வைத்தார்கள். இரண்டு தடவையும் எலும்பு என்னமோ கோபித்துக்கொண்டது போல விலகியே நின்றது. இனிக் காலை எடுத்துவிடலாம் என்ற பேச்சு வந்த பிறகுதான் அவரை நிஷாந்தினியின் ஆராய்ச்சிப் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

அங்கே அவர்கள் ஒரு புதுவகைக் கம்பியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரல் நீளம், டைட்டேனியம். உலோகத்தில் புதுமை இல்லை, அதன்மேல் பூசியிருந்ததில்தான் இருந்தது.

"கம்பிக்கு மேல ஒரு பூச்சு இருக்கு ஐயா," என்று நிஷாந்தினி விளங்கப்படுத்தினாள். "அந்தப் பூச்சுக்குள்ள மரபணு இருக்கு. அது உங்கட எலும்புக்குப் பக்கத்தில இருக்கிற உயிர்க்கலங்களுக்குள்ள போகும். போய், எலும்பை வளருங்கோ எண்டு சொல்லும்."

"கம்பி பேசுமா டொக்டர்?"

"அப்பிடித்தான் வையுங்கோவன்."

"எம் மக சொல்லியே கேக்காத எலும்பு. கம்பி சொன்னா கேக்குதான்னு பாப்போம்," என்றார் இராமர். பக்கத்தில் நின்ற மகள் ஜீவராணி சிரித்துவிட்டாள். புறக்கோட்டையில் ஒரு சாரிக் கடையில் வேலை பார்ப்பவள். தாய் இல்லாத வீட்டில் அப்பாவுக்கு எல்லாம் அவள்தான்.

இதற்குப் பிறகு இன்னொன்றும் விளங்கப்படுத்தவேண்டி இருந்தது. எக்ஸ்-ரேயில் வெள்ளையாகத் தெரிகிறதெல்லாம் எலும்பு பிடித்ததாகிவிடாது. எலும்பு கம்பியோடு ஒன்றாகிவிட்டதா, அல்லது இரண்டுக்கும் நடுவில் வெறும் தழும்புதான் வளர்ந்திருக்கிறதா என்பதை, கம்பியோடு சேர்த்து எலும்பை மெல்லிய சீவலாக அறுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தால்தான் சொல்லலாம். உயிரோடு இருக்கிறவரிடம் அதைச் செய்ய முடியாது. ஆகையால் ஆராய்ச்சியில் சேர்ந்த ஒருவர் எந்தக் காரணத்தாலோ இறந்துபோனால், குடும்பம் சம்மதித்தால், அந்த இடத்து எலும்பை எடுத்துப் பார்ப்பார்கள். கையெழுத்து வைக்கிற தாளில் இது இருந்தது, யாருக்கும் விளங்காத தமிழில். வாயால் விளங்கப்படுத்துவது நிஷாந்தினியின் பொறுப்பு.

முன்னால் பல் தெரியச் சிரித்துக்கொண்டு இருக்கிற மனிதரிடம் "நீங்கள் செத்தால்" என்று எப்படித் தொடங்குவது? நிஷாந்தினிக்கு நாக்கு வரவில்லை. தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு மரியாதையாக ஒரு வசனத்தைச் செய்து எடுத்தாள்.

"கடைசியில இந்தக் கம்பியை எங்களுக்குத் திருப்பித் தரவேண்டி வரும் ஐயா."

"ஓ, இரவலா?"

"ஓம்... இரவல் மாதிரித்தான்."

"குடுத்துருவோம் டொக்டர். இரவல் வாங்கினத வச்சிக்கிற பழக்கம் நம்ம வீட்ல இல்ல."

அவருக்கு விளங்கியது கம்பி. அவள் சொல்லாமல் விட்டது எலும்பு. இரண்டு பேரும் திருப்தியோடு சிரித்தார்கள்.

கம்பி சொன்னதை எலும்பு கேட்டதோ என்னமோ, இராமர் எழும்பி நின்றார். முதலில் ஊன்றுகோலோடு, பிறகு சுவரைப் பிடித்து, பிறகு ஒன்றையும் பிடிக்காமல். மறுபடி வடைச்சட்டிக்கு முன்னால் போய் நின்ற அன்று, மூடி போட்ட சில்வர் கிண்ணமொன்றில் சூடாக உளுந்து வடை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். நிஷாந்தினியின் அம்மா யாருடைய பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்பி அனுப்ப விடமாட்டா. கழுவித் துடைத்த கிண்ணத்துக்குள் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த பனங்கற்கண்டைப் போட்டுக் கொடுத்துவிட்டா. இராமர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சீனி வருத்தக்காரனுக்கு டொக்டரே கற்கண்டு குடுத்தா அப்பறம் நாங்க எங்க போறது?"

அன்றிலிருந்து கற்கண்டுக்குப் பதில் கச்சான், வறுத்த நிலக்கடலை. அவர் ஒவ்வொரு தடவை காலைக் காட்ட வரும்போதும் கிண்ணத்தில் வடை வந்தது, திரும்பும்போது கச்சான் போனது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் அந்தக் கிண்ணம் பஸ் ஏறித் திரிந்துகொண்டே இருந்தது.

ஒரு காலை கடையில் உளுந்து அரைத்துக்கொண்டிருந்த இராமர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்தினார். பிறகு எழும்பவில்லை. மாரடைப்பு. கம்பிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

செய்தி வந்தவுடன் ஷஹீமா எலும்பு எடுக்கிற கருவிப் பெட்டியை ஆயத்தப்படுத்திவிட்டாள். ஷஹீமா நிஷாந்தினியின் உதவியாளர், எதையும் நேராகப் பேசுகிறவள்.

"மையத்தூட்ல போய்க் கேக்கிறது லேசில்ல தான் டொக்டர். எனக்கு வெளங்குது. ஆனா இத உட்டா வேற வழி ஈக்கா? ஆட்டுலயும் மொயல்லயும் பாத்தாச்சி. மனுசன்ட எலும்புல பாக்கக் கெடச்சது இது ஒண்டு தான்."

அவள் சொன்னது சரி. மற்ற நோயாளிகள் எல்லாரும் உயிரோடு இருந்தார்கள், நல்லதுதான். ஆனால் பூச்சு மனித எலும்பில் வேலை செய்கிறது என்பதற்கு ஒரு சான்றாவது கிடைக்கும்வரை புதிதாக யாரையும் சேர்க்க அனுமதி இல்லை. கிராண்ட்பாஸில் இருந்து ஹமீமா என்று ஒரு பெண் காத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் சீனி, அவளுடைய காலும் ஒட்டவில்லை. அவளுக்குக் காலை எடுப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்கள். எலும்பை எடுப்பது பெரிய வேலையுமில்லை. சிறிதாக வெட்டி, தைத்துவிட்டால் வேட்டி மறைத்துவிடும். குடும்பத்தின் ஒரு "ஓம்" மட்டும் தேவை.

ஷஹீமா பெட்டியோடு ஓட்டோவிலேயே இருந்துகொண்டாள். நிஷாந்தினி ஒழுங்கைக்குள் நடந்து போனாள்.

ஒழுங்கையின் அகலம் அளவுக்கே கூடாரம் போட்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் ஜீவராணி எழும்பி வந்து கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிப்போனாள். அழுது அழுது குரல் போயிருந்தது. அந்தக் குரலாலேயே எல்லாருக்கும் சொன்னாள்.

"இவங்கதான் அப்பாவ நிக்க வச்ச டொக்டர்."

ஒரு கிழவர் எழும்பித் தன் கதிரையைக் கொடுத்தார். பெண்கள் கும்பிட்டார்கள். யாரோ ஒரு அக்கா சோடாப் போத்தலைத் திறந்து, வாயைத் துடைத்து, கையில் வைத்தா. "எவ்வளவு பெரிய டொக்டர், வீடு தேடி வந்திருக்காங்க" என்று பின்னால் யாரோ சொன்னது கேட்டது.

நிஷாந்தினிக்குக் காது சுட்டது. சவப்பெட்டிக்குள் இராமர் வெள்ளை வேட்டியோடு கிடந்தார். அவளுடைய கண் முகத்துக்குப் போகவில்லை, நேராக இடது காலுக்குப் போனது. போனதை உணர்ந்ததும் கண்ணை இழுத்து முகத்தில் வைத்தாள். இவ்வளவு பேரும் ஒரு மனிதரைப் பார்த்து அழுகிறார்கள், நான் மட்டும் ஒரு துண்டு எலும்பைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்தாள். இறைச்சிக்கடைக்கு வந்தவள் மாதிரி இருந்தது. இப்போது வாயைத் திறந்தால் இந்தக் கும்பிட்ட கைகள் என்ன செய்யும்? கத்துவார்கள். கிட்ட வராதே என்பார்கள். இவர்களுக்கு எங்கே விளங்கப்போகிறது. இந்தக் கடைசி நினைப்பு எவ்வளவு லேசாக வந்தது என்பதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

சோடாவைப் பாதி குடித்தாள். எழும்பினாள்.

கூடாரத்தின் வாசல் வரை ஜீவராணி கூடவே வந்தாள். அங்கே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"நாளைக்கு மாதம்பிட்டி சுடுகாட்டுக்கு எடுத்துருவாங்க டொக்டர். அதுக்கு முன்ன நாங்க ஏதாச்சும் செய்யணுமா? அப்பா அந்தக் கம்பியப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்பாரு."

கேட்கவேண்டியவள் நிஷாந்தினி. கேட்டது ஜீவராணி. இதைவிட நல்ல வாசல் யாருக்கும் திறக்காது. ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

"இல்லை, இல்லை. ஒண்டும் யோசிக்காதேங்கோ," என்றாள் நிஷாந்தினி. "நீங்கள் உங்கட அலுவலைப் பாருங்கோ."

ஓட்டோவில் ஏறியதும் ஷஹீமா அவளுடைய முகத்தைப் பார்த்தாள். "என்ன செல்றாங்க?"

"அவையளுக்கு விருப்பமில்லை."

அந்த வசனம் வாயில் இருந்து எப்படி அவ்வளவு ஒழுங்காக வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. ஷஹீமா பெட்டியைக் காலடியில் தள்ளி வைத்தாள்.

"சரியா வெளங்கப்படுத்தினீங்களா?"

"ஓம்."

"பாவங்கள். அவங்களுக்கு எங்க வெளங்கப் போகுது," என்றாள் ஷஹீமா.

நிஷாந்தினி தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தாள். தன் மனதுக்குள் வந்த அதே வசனத்தை இன்னொருவர் வாயால் கேட்கும்போது கூசியது. ஆனாலும் மறுத்துப் பேசவில்லை. அடுத்த கிழமை ஆராய்ச்சிக் குழுவின் கூட்டத்தில் குடும்பத்தார் சம்மதிக்கவில்லை என்று சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள். இப்படியான இடங்களில் இது எதிர்பார்த்ததுதான் என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். பொய்க்குக் கிடைத்த ஆறுதல் அது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடப் பிடிக்கவில்லை. அம்மா கச்சான் வாங்கி வைத்திருந்தா, இராமர் இனி வரமாட்டார் என்பதை அவவுக்கு இன்னும் சொல்லவில்லை.

கருமாதி முடிந்த பிறகு ஒரு முற்பகலில் ஜீவராணி வந்தாள். நிஷாந்தினியும் ஷஹீமாவும் அறையில் இருந்தார்கள். ஜீவராணி கிண்ணத்தை மேசையில் வைத்தாள். அந்தக் கிண்ணம்தான்.

"தீட்டோட வரக்கூடாதுன்னுதான் இவ்வளவு நாள் வரல டொக்டர். நானே சுட்டது. அப்பா வடை மாதிரி வராது."

பிறகு கைப்பைக்குள் இருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து அவிழ்த்தாள். புதுத் துணி. உள்ளே கம்பி. நெருப்பில் நீலமும் சாம்பலுமாக நிறம் மாறி, துடைத்துத் துப்புரவாக இருந்தது.

"சாம்பல் அள்ளப் போனப்ப மாமா கால்மாட்டுல கெளறித் தேடினாரு. அங்க வேல செய்றவங்களும் தேடிக் குடுத்தாங்க. எலும்பக் கழுவின பால்லயே இதயும் கழுவினோம். எலும்ப முகத்துவாரத்துல கரைச்சிட்டோம். இது ஒங்களோடதாச்சே, அதான் கொண்டாந்தேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்பா சொல்லியிருந்தாரு. டொக்டரம்மா வாய்விட்டுக் கேக்க மாட்டாங்க, நீயாப் பாத்துக் குடுத்துருன்னு."

நிஷாந்தினி இரண்டு கையாலும் அதை வாங்கினாள். லேசாக இருந்தது. பூச்சு இல்லை, எலும்பு இல்லை. எதைப் பார்க்கவேண்டுமோ அது எல்லாம் எரிந்து போயிருந்தது. நன்றி என்று சொல்லி, வடையைச் சாப்பிட்டு, பிள்ளையை அனுப்பிவிடலாம். அப்படித்தான் செய்யப்போனாள்.

ஷஹீமாவுக்குப் பொறுக்கவில்லை.

"இப்ப இது எதுக்கு தங்கச்சி? எங்களுக்கு வேண்டியிருந்தது எலும்பு. அத தர ஏலாண்டு நீங்க தானே செல்லிட்டீங்க."

"எலும்பா?" ஜீவராணி திரும்பினாள். "யாரு கேட்டா?"

ஷஹீமா நிஷாந்தினியைப் பார்த்தாள். ஜீவராணியும் பார்த்தாள்.

ஒரு பொய் ஆயத்தமாகவே இருந்தது. அங்கே ஒரு பெரியவரிடம் கேட்டேன், அவர் வேண்டாம் என்றார். செத்தவீட்டில் எத்தனையோ பெரியவர்கள் இருந்தார்கள், கதிரை தந்தவரே இருந்தார். அவர் தலையில் கட்டிவிடலாம். நிஷாந்தினி கையில் இருந்த கம்பியைப் பார்த்தாள். அந்தக் கிழவர்தான் சாம்பலைக் கிளறிய மாமாவோ என்று தோன்றியதும் அந்தப் பொய்யை விட்டுவிட்டாள்.

"ஒருத்தரும் கேக்கேல்லை," என்றாள். "நான் கேக்கேல்லை. கேட்டனான் எண்டு பொய் சொன்னனான்."

ஷஹீமா மேசையில் இருந்த பேனையை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.

"நான் ஒங்ககிட்ட வாய்விட்டுக் கேட்டனே டொக்டர்," என்றாள் ஜீவராணி. "ஏதாச்சும் செய்யணுமான்னு."

"ஓம்."

"அப்ப ஏன்?"

"வெக்கமா இருந்தது. எல்லாரும் என்னைக் கும்பிட்டுக்கொண்டு நிக்கேக்க, உங்கட அப்பான்ட கால்ல இருந்து ஒரு துண்டு வெட்டவேணும் எண்டு எப்பிடிச் சொல்லுறது? நீங்கள் ஆத்திரப்படுவீங்கள் எண்டு நினைச்சன். உங்கட ஆக்கள் சண்டைக்கு வருவினம் எண்டு நினைச்சன்."

"எங்க ஆளுங்க."

"ஓம்," என்றாள் நிஷாந்தினி. முகம் முழுக்கச் சூடேறியது. "அப்பிடித்தான் நினைச்சன்."

ஜீவராணி கோபப்படுவாள் என்று இப்போதும் எதிர்பார்த்தாள். கோபப்பட்டால் நல்லது, ஏச்சு வாங்கியவுடன் கணக்குத் தீர்ந்துவிடும். ஜீவராணி குரலை உயர்த்தவே இல்லை.

"ரெண்டு தடவ அவரு காலத் தொறந்து மூடினாங்க. மூணாவது நீங்க. ஒவ்வொரு தடவையும் அவரோட நானுந்தானே கையெழுத்துப் போட்டேன். உசுரோட இருக்கையில வெட்டக் குடுத்த நானு, செத்த பொறகு குடுக்க மாட்டேனா?"

நிஷாந்தினிக்கு, தன்னுடைய மரியாதை என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்ததைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் உள்ளே இருந்தது இளக்காரம்தான் என்று விளங்கியது. இராமரிடம் தொடங்கும்போதே அப்படித்தான். அவருக்குச் சாவைப் பற்றிக் கேட்கத் தாங்காது, ஜீவராணிக்கு வெட்டுவதைப் பற்றிக் கேட்கத் தாங்காது என்று அவர்களுக்காக அவளே முடிவு கட்டினாள். தாங்காமல் போனது அவளுக்குத்தான்.

ஜீவராணி மேசைக்குக் கிட்ட வந்து கம்பியை விரலால் தொட்டாள்.

"இதப் பாத்தாத் தெரியாதா டொக்டர்? அப்பாவுக்கு எலும்பு நல்லாப் புடிச்சிருந்துச்சான்னு?"

"தெரியாது. நெருப்பில எல்லாம் போயிட்டுது."

"ஆனா நின்னாரே."

"நிண்டவர். ஆனா பூச்சுதான் நிக்க வச்சதோ, சும்மா கம்பியே தாங்கினதோ எண்டு இனி ஒருத்தராலும் சொல்ல ஏலாது."

"கடையில மொதலாளிகிட்ட அடிக்கடி சொல்லுவாராம்," என்றாள் ஜீவராணி. "எங் காலப் பாத்துத்தான் இனிமே எல்லாருக்கும் வைக்கப் போறாங்கன்னு. அவ்வளவு பெருமை அவருக்கு." கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டாள். "வடை ஆறிரும், சாப்புடுங்க. கிண்ணத்தப் பொறகு வந்து வாங்கிக்கிறேன்."

இந்தத் தடவையும் போய்வருகிறேன் என்று யாரும் சொல்லவில்லை.

அவள் போனதும் ஷஹீமா கதவைச் சாத்தினாள். பிறகு கேட்டாள்.

"கிராண்ட்பாஸ் ஹமீமாக்கு என்ன செல்ற டொக்டர்?"

"உண்மையைச் சொல்லுறன். எங்களிட்ட சான்று இல்லை எண்டும், ஏன் இல்லை எண்டும். கூட்டத்திலயும் சொல்லுறன்."

"அது அவட காலத் தராது."

"தராது," என்றாள் நிஷாந்தினி.

மூடியைத் திறந்து ஒரு வடையை எடுத்துக் கடித்தாள். இராமரின் வடை மாதிரி இல்லைத்தான், உப்புக் கொஞ்சம் கூட. கண்ணில் தண்ணீர் வந்தது. ஷஹீமா பார்க்கிறாள் என்று தெரிந்தும் துடைக்கவில்லை. முழுவதையும் சாப்பிட்டு முடித்தாள். மிச்ச வடையை ஷஹீமா ஒரு தாளில் எடுத்து வைத்துவிட்டு, கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கழுவி, துடைத்து, கொண்டுவந்து அவளுக்கு முன்னால் வைத்தாள்.

"அவ வந்தா இதுக்குள்ள என்னத்தப் போட்டுக் குடுக்கப் போறீங்க?" என்றாள். குத்திக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

வீட்டில் கச்சான் இருந்தது. அது இராமருக்கு என்று வாங்கியது. மகளுக்குத் தெரியவேண்டி இருந்தது ஒன்றே ஒன்று, அப்பாவின் எலும்பு அந்தக் கம்பியைப் பிடித்ததா இல்லையா என்பது. அந்தப் பதில் இனி யாரிடமும் இல்லை. நிஷாந்தினி வெறும் கிண்ணத்தின் மூடியை எடுத்து மூடினாள்.